அறுதியிட்டுச் சொன்ன இருவர்

தன் தம்பி லியோ பிரகாஷ் உயிரோடு இருக்கிறான் என்று ஏஞ்சல் மேரி சூசைக்களம் சூசையப்பர் கோயில் வாசலில் அறுதியிட்டுச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுடைய இரண்டு பாதங்களும் தரையை விட்டு எழவில்லை. இதற்காக ஊரில் யாரும் கூச்சல் போடவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தவர்களில் ஒருவர் குடை கொடுத்தார், ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார், அவள் புருஷன் செபாஸ்டின் தலையில் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் போட்டான். அதன் பிறகு எல்லோரும் கறி எடுக்கப் போனார்கள். தை மாதம், கல்யாண சீசன், ஆட்டுக்கறி கிலோ எண்ணூறைத் தொட்டிருந்தது, அதுவும் நேரத்தோடு போகாவிட்டால் எலும்புதான் மிஞ்சும். போகாமல் நின்றவள் ஒருத்திதான். அவள் லியோவின் மனைவி எலிசா. அவளுடைய வாழ்க்கைதான் அந்த வாசலில் அன்றைக்கு மாட்டிக்கொண்டது, ஏஞ்சல் மேரியின் கால் இரண்டாம் பட்சம்.

சூசைக்களம் உறுவையாற்றுக்கும் கரிக்கலாம்பாக்கத்துக்கும் நடுவில், பெரிய வரைபடங்கள் மறந்துவிடுகிற அளவில் இருக்கிற ஊர். பாதி நெல்வயல், பாதி மனை போட்டுக் கல் நட்ட வயல். இந்த ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வதில் கஞ்சர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாதா மேல் சத்தியம், மாரியாத்தா மேல் சத்தியம், பெற்ற பிள்ளை மேல், தின்கிற சோற்றின் மேல் என்று காலையில் பால்காரரிடம் தொடங்கினால் படுக்கப் போகும்வரை அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒன்றும் ஆகாது. பாலில் தண்ணீரும் குறையாது. ஆனால் அறுதியிட்டு என்ற ஒரு சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். சூசைக்களத்து மண்ணில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லி ஒன்றைச் சொன்னால், சொன்னது மெய்யா பொய்யா என்று தெரியும்வரை கால் மண்ணை விடாது. அந்தச் சந்தேகத்தைச் சுமக்கிற யாராவது ஒருவர் உலகத்தின் எந்த மூலையிலாவது உண்மையைக் கண்ணாரக் கண்டுவிட்டால் கால் விட்டுவிடும். சொன்னது மெய்யானால் விடும்போது உள்ளங்காலில் சூடு ஏறும். பொய்யானால் ஜில்லென்று போகும். அந்தச் சூடும் குளிரும் நின்றவருக்குத்தான் தெரியும், பக்கத்தில் நிற்பவர் குனிந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

இந்தச் சொல் ஊருக்குள் எப்படி வந்தது என்பதில் பல கதைகள் உண்டு. பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது வெள்ளைக்காரர் காலத்து வரப்புத் தகராறு. அண்ணன் தம்பி இரண்டு பேர், நடுவில் ஒரு வரப்பு. வரப்பை அப்பன் போட்டதாக அண்ணனும், அண்ணனே தள்ளி வைத்ததாகத் தம்பியும் சொன்னார்கள். இருவரும் எல்லாச் சாமி மேலும் சத்தியம் செய்து முடித்திருந்தார்கள். விசாரிக்க வந்த பிரெஞ்சு நீதிபதிக்குக் கோபம் வந்து, இதற்கெல்லாம் மேலே உங்கள் பாஷையில் ஒரு சொல்லே கிடையாதா என்று கத்தினார். மொழிபெயர்க்க உடன் வந்த துபாசி, பட்டணத்தில் நாலு எழுத்து படித்தவர், தலையைச் சொறிந்து யோசித்து, அறுதியிட்டுச் சொல்லுங்கள் என்றார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். சொன்ன இடத்திலேயே நின்றான். தம்பி சொல்வதற்காகத் திறந்த வாயை அண்ணனின் காலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். நீதிபதி வண்டி ஏறிப் போய்விட்டார், துபாசியும் பொருள் சொல்லாமலே போய்விட்டார். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து வரப்பைக் கரைத்தபோது பழைய எல்லைக்கல் தம்பி சொன்ன இடத்தில் தலை நீட்டியது. கால் விட்டபோது கிணற்றுக்குள் வைத்தது போல் இருந்ததென்று அண்ணன் ஒளிக்காமல் சொன்னான். சூடு குளிர் விவரம் அப்படித்தான் ஊருக்குத் தெரியவந்தது.

சில வருஷங்களுக்கு முன் இந்தச் சொல்லை ஆராயப் பட்டணத்திலிருந்து அரிகரன் என்று ஒரு தமிழ்ப் பேராசிரியர் வந்தார். நல்ல மனிதர், டீக்கு முந்திக்கொண்டு காசு கொடுப்பார். ருக்குமணி டீக்கடை வாசலில் நின்று அவர் விளக்கினார்: அறு என்பது வேர், அறுத்தல், அறுவடை எல்லாம் அதன் பிள்ளைகள். அறுதி என்றால் இதற்கு மேல் இல்லை என்கிற முடிவு. இடுவது என்றால் வைப்பது. முடிவை முதலில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறவன்தான் அறுதியிட்டுச் சொல்கிறவன். கடைக்காரர்கள் கணக்கு முடிப்பதிலிருந்து இந்தச் சொல் சபைக்கு வந்ததே தவிர, சபையிலிருந்து கடைக்குப் போகவில்லை என்று நான் அறுதியிட்டுச் சொல்வேன் என்று முடித்தார். முடித்துவிட்டு பைக்கை எடுக்கத் திரும்பியவர் திரும்பிய மேனிக்கு நின்றார். அவருடைய நண்பர்களும் விரோதிகளும் தேடி வந்தார்கள், டீக்கடை வாசலிலேயே பந்தல் போட்டு ஒரு கருத்தரங்கம் நடந்தது, ருக்குமணிக்கு அவ்வளவு வியாபாரம் அதற்கு முன்னும் பின்னும் இல்லை. கடைசியில் மறுத்துப் பேசியவரே எதையோ தேடிப் படித்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்று போனில் ஒப்புக்கொண்டார். பேராசிரியர் சூடான காலோடு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். சூசைக்களத்தார் அவர் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். முடிவை வைத்தவன் முடிவு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும், அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்பது ஊரின் எண்ணம்.

ஊரில் இதற்கு முன்யோசனையும் உண்டு. கோர்ட்டுக் காகிதமோ தேர்தல் காகிதமோ, அந்தச் சொல் எழுதிய எதையாவது வாசித்தே ஆக வேண்டுமென்றால், வாசிக்கிறவர் நடேசனின் டிராக்டர் பெட்டியில் ஏறி நின்று வாசிப்பார். பிடித்துக்கொண்டால் பெட்டியோடு பிடித்துக்கொள்ளும், இழுத்துப் போய் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். நடேசன் இதற்கு டீசல் செலவு மட்டும் வாங்குவார். இந்த ஏற்பாடு வருவதற்கு முந்தைய தலைமுறையில், உபதேசியார் இன்னாசிமுத்து ஒரு நாத்திகக் கூட்டத்துக்குப் பதில் சொல்கிற ஆவேசத்தில், கடவுள் இருக்கிறார் என்று அறுதியிட்டுச் சொல்கிறேன் என்று கோயில் களத்தில் நின்று முழங்கிவிட்டார். அவர் சாகும்வரை அங்கேயே நின்றார். உயிர் போன நொடியில் கால் விட்டது. செத்ததால் விட்டதா, தெரிந்துகொண்டதால் விட்டதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் முகம் மட்டும் சிரித்தாற்போல் இருந்தது. அதைக்கொண்டு எதையும் சொல்ல முடியாது, அவர் சுபாவமே சிரித்த முகம்.

லியோவின் விஷயம் இதுதான். தாய் செத்தபோது அவனுக்கு நடை பழகும் வயசு. அக்கா ஏஞ்சல் மேரிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள், அவன் சாப்பிடாமல் தூங்கினால் அவளுக்குத் தூக்கம் வராது. டைல்ஸ் ஒட்டுகிற வேலை கற்றான், எலிசாவைக் கட்டினான், கட்டிய மறுவருஷம் கேரளாப் பக்கம் வேலைக்குப் போகிறேன், சூசையப்பர் திருவிழாவுக்கு வந்துவிடுவேன் என்று வில்லியனூர் பஸ் ஏறினான். அத்தோடு சரி. போன் முதலில் அடித்தது, பிறகு அணைந்திருந்தது, பிறகு அந்த எண்ணில் வேறு யாரோ இந்தியில் பேசினார்கள். போலீஸில் சொன்னார்கள், கூட வேலைக்குப் போனவர்களைக் கேட்டார்கள், குறி கேட்டார்கள், வேளாங்கண்ணிக்கு நடந்தார்கள். எட்டுத் திருவிழா வந்து போனது. எலிசா வில்லியனூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏம்பலத்து ஆண்டனி, மனைவியை இழந்தவன், குட்டியானை வண்டி ஓட்டுகிறவன், கடைக்குச் சரக்கு இறக்க வந்த இடத்தில் அவளைப் பார்த்தான். கேட்டான். அவளும் சரி என்றாள். முப்பத்திரண்டு வயசில் சரி என்று சொல்ல ஒருத்திக்கு உரிமை இல்லையா என்ன.

பங்குச் சாமி ஊருக்குப் புதியவர். நல்லது செய்ய வேண்டுமென்ற அவசரம் உள்ளவர். இத்தனை வருஷம் தகவல் இல்லாதவனை இறந்தவனாகக் கொள்ளலாம், ரத்த உறவில் ஒருவர் நாலு பேர் முன்னால் சொன்னால் மறுமணத்துக்கு மேலிடத்தில் அனுமதி வாங்கிவிடலாம் என்று அவர் ஒரு வாக்குமூலம் தயார் செய்தார். வக்கீல் தமிழ். "என் தம்பி இறந்துவிட்டான் என்று அறுதியிட்டுச் சொல்கிறேன்" என்று அதில் இருந்தது. யாரும் அவருக்கு முன்னால் சொல்லியிருக்கவில்லை, எல்லோரும் அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். காகிதம் ஏஞ்சல் மேரியின் கைக்கு வந்ததும் ஜனம் நடேசனைப் பார்த்தது, நடேசன் டிராக்டரைக் கொண்டுவர எழுந்தார். "வாணாம் நடேசண்ணா," என்றாள் ஏஞ்சல் மேரி. காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். "எந்தம்பி உசுரோட இருக்கறான். அறுதியிட்டு சொல்றன்," என்றாள். பஸ் திரும்புகிற இடத்தைப் பார்த்த முகமாக அவள் நின்றிருந்தாள், அதே முகமாக நிற்க வேண்டியதாயிற்று.

நிற்பவர்களுக்குச் செய்ய வேண்டியது ஊருக்குப் பழக்கம்தான். பகலில் நாற்காலி, இரவில் அதே இடத்தில் கயிற்றுக்கட்டில், கால் மட்டும் கட்டிலுக்கு வெளியே தரையில் இருக்கும். மேலே தகரக் கொட்டகை, சுற்றி இழுத்து மூடத் தார்ப்பாய். மற்ற தேவைகளுக்கும் முறை இருக்கிறது, அதை எழுத வேண்டியதில்லை. அவள் வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியில் ஒரு மாதம் பொறுத்துவிட்டு வேறு ஆள் எடுத்துக்கொண்டார்கள். செபாஸ்டின் ஒரு வாரம் பேசாமல் இருந்து, பிறகு தினமும் வந்து கால் பிடித்துவிட்டான். சாப்பாடு கொண்டுவந்தவள் எலிசா. வேறு யாரிடமும் விடவில்லை. வேலைக்குப் போகுமுன் தூக்குவாளியை நாற்காலிப் பக்கத்தில் டங்கென்று வைப்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள், மாலையில் வந்து கழுவி எடுத்துப் போவாள். கோபத்திலும் குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஏஞ்சல் மேரிக்கு நிற்பது கஷ்டமாக இல்லை. பஸ் வருவதுதான் கஷ்டம். வில்லியனூர் பஸ் ஒவ்வொரு தடவை வந்து திரும்பும்போதும் இறங்குகிற கால்களையெல்லாம் பார்ப்பாள். கைலி கட்டிய கால், பள்ளிக்கூட ஷூ, மீன் கூடைக்காரி கால். அவள் தேடுகிற கால் அதில் இருக்காது. அப்போதெல்லாம் தன் பாதத்தை மெதுவாக அசைத்துப் பார்ப்பாள். அசையாது. அசையாதவரைக்கும் நல்லது என்று ஒரு எண்ணம் வரும், அடுத்த நொடியே அந்த எண்ணத்துக்காக மாதாவிடம் மன்னிப்புக் கேட்பாள். என்றைக்காவது ஒருநாள் கால் விடும், விடும்போது ஜில்லென்று இருந்தால் என்ன செய்வது என்பதுதான் அவளுடைய பயம். அந்தப் பயத்தில் கோடை தொடங்கிய பிறகும் அவள் கால் மேல் தண்ணீர் ஊற்ற விடவில்லை.

தவக்காலத்தில் ஒருநாள் தூக்குவாளியை வைத்துவிட்டுத் திரும்பிய எலிசாவிடம் அவள் வாயைக் கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள், அவன் வந்துவிட்டால் நீ எந்த முகத்தோடு நிற்பாய் என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். எலிசா திரும்பி எதிரே வந்து நின்றாள். எட்டு வருஷத்துப் பேச்சும் ஒரே மூச்சில் வந்தது.

"நான் பொறுத்ததுக்கு ஒரு அளவில்லியா அண்ணி? பஸ்ஸ நீ மட்டுமா பாத்த, நான் பாக்கலியா? நல்லது கெட்டதுக்குப் போனா என்னிய சுமங்கலி வரிசையில உக்காத்தறதா, அந்தாண்ட உக்காத்தறதான்னு கண்ணாலயே பேசிக்கறாளுவோ. உன் தம்பி செத்துட்டாரு. செத்துட்டாருன்னு அறுதியிட்டு சொல்றன். போதுமா?"

சொன்ன மறுகணம் அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ஏஞ்சல் மேரியும் பார்த்தாள். மண் எலிசாவின் காலைச் செருப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. வாரச் செபத்துக்காக வந்திருந்த பெண்கள் போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்தார்கள், கொட்டகையை எட்டு முழம் நீட்டிக் கட்டினார்கள், அந்த வருஷம் தகரம் விலை அதிகம் என்று முனகிக்கொண்டார்கள். இப்படியாக நாத்தனாரும் தம்பி மனைவியும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் எதிரெதிரே நின்றார்கள். எலிசாவின் முதுகு பஸ் பக்கம் இருந்தது. பஸ் சத்தம் கேட்டால் அவள் அண்ணியின் முகத்தைப் பார்ப்பாள். யார் இறங்கினார்கள், யார் இறங்கவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அந்த முகத்தில் தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் சூசைக்களத்தில் மிகவும் கெட்ட நாட்கள். அதுவரை கேட்கத் தோன்றாத ஒரு கேள்வி ஊருக்குள் புகுந்தது. இந்தச் சொல் நடந்ததைக் காத்திருந்து காட்டுகிறதா, அல்லது சொன்னதை நடத்தியே வைக்கிறதா? கோயில்காரர்களும் மாரியம்மன் தெருக்காரர்களும் பழைய சம்பவங்களையெல்லாம் அலசினார்கள். பேராசிரியர் சொன்னதற்கான சான்று ஏட்டில் முன்னாடியே இருந்ததா, அவர் சொன்ன பிறகு வந்து சேர்ந்ததா? யாரால் சொல்ல முடியும்? இந்தப் பேச்சு எலிசாவின் காதுக்கு வந்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் செத்தால் தேவலை என்று ஒருநாளும் அவள் நினைத்தவள் அல்ல. இல்லாதவனாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் அந்த வித்தியாசத்தை மண்ணிடம் எப்படி எடுத்துச் சொல்வது.

"நான் சொன்னதால அவருக்கு ஏதாச்சும் ஆயிடுமா அண்ணி?" என்று அவள் ஒரு மத்தியானம் அழுதாள். ஏஞ்சல் மேரி கையை நீட்டி அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "மொதல்ல சொன்னவ நானு. எஞ்சொல்லுக்கு அப்பறந்தாண்டி உஞ்சொல்லு. அழுவாத," என்றாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டார்கள். கொண்டுவந்தவன் ஆண்டனி. ஏம்பலத்திலிருந்து வண்டியில் வருவான், வாளியை வைப்பான், இரண்டு பேருக்கும் பொதுவாகத் தரையைப் பார்த்து நிற்பான், போய்விடுவான். கட்டிக்கப் போகிறவள் தன் புருஷன் செத்துவிட்டான் என்று சொல்லி மாட்டிக்கொண்டு நிற்கும்போது வேறு என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் ஆண்டனி கேரளாவுக்குச் சரக்கு ஏற்ற ஆரம்பித்தான். குட்டியானை அவ்வளவு தூரம் போகிற வண்டி இல்லை, என்றாலும் போனான். லியோவின் கல்யாணப் போட்டோவை வண்டியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தான். டைல்ஸ் வேலை நடக்கிற இடமெல்லாம் இறங்கி அந்தப் போட்டோவைக் காட்டினான். தான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவளின் புருஷனைத் தேடி ஒருவன் ஊர் ஊராக அலைந்தான் என்றால், அவன் பைத்தியக்காரனாக இருக்க வேண்டும் அல்லது நல்லவனாக இருக்க வேண்டும் என்று ஊர் சொன்னது. ஏஞ்சல் மேரிக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று தோன்றியது. அதை வாய்விட்டே கேட்டாள்.

"அவன் எந்தம்பியப் பாத்துட்டா இன்னாடி செய்வான்?"

"கோழி அறுக்கச் சொன்னாவே அந்தாண்ட போயிடற ஆளு அண்ணி அது," என்றாள் எலிசா. சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு முழுக்க அவளும் அண்ணியோடு சேர்ந்து ஜெபமாலை உருட்டினாள்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காற்று மண்ணை அள்ளிக்கொண்டிருந்த சாயங்காலம், பஸ் வந்து திரும்பிப் போய்ச் சற்று நேரத்தில் இரண்டு பேருடைய கால்களும் ஒன்றாக விட்டன. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் இரண்டு பேரும் அசையவில்லை. ஏஞ்சல் மேரியின் உள்ளங்காலிலிருந்து சூடு ஏறி முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, ஒரு காலத்தில் லியோவைச் சுமந்த இடத்தில் வந்து நின்றது. அவள் எதிரே இருந்தவளைப் பார்த்தாள். எலிசாவின் உதடு வெளுத்திருந்தது. ஆடிக் காற்றிலும் ஊருக்கு வேர்த்தது, அவளுக்கோ பல் கிட்டியது. ஒருத்தியின் சூடு மற்றவளுக்குத் தெரியாது என்பது ஊர் நியாயம், ஆனால் எதிரெதிராகச் சொல்லி நின்றவர்களிடம் அந்த நியாயம் எப்படிச் செல்லும். இருவருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். இருட்டத் தொடங்கியபோது செபாஸ்டின் கட்டிலோடு வந்தான். "விட்டுடுச்சி," என்றாள் ஏஞ்சல் மேரி. சூடா குளிரா என்று அவன் கேட்டதற்கு, கட்டிலைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னாள்.

ஆண்டனி ஞாயிற்றுக்கிழமை வந்தான். வண்டியில் பாதி நேந்திரங்காய் இருந்தது, கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டோ இல்லை. காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. நேராக ஏஞ்சல் மேரி வீட்டுக்குப் போய் வாசலில் நின்றான். கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்றும் தெரியவில்லை, யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அவளிடம் அதைச் சொல்ல வாயெடுத்து முடியாமல் நின்றான். அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள், அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்தாள்.

"எளைச்சிருக்கானா?" என்று கேட்டாள்.

ஆண்டனி சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இல்லக்கா. கொஞ்சம் சதை போட்டுக்கினு இருக்காரு," என்றான். கொஞ்சம் பொறுத்து, "தோள் மேல ஒரு பொண் கொழந்தை. நான் பேசல. கடைக்கார அம்மா லியோன்னு கூப்டாங்க, திரும்பிப் பாத்தாரு. அது போதும்னு வந்துட்டன்," என்றான். வெள்ளிக்கிழமை சாயங்காலமா என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஏஞ்சல் மேரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டும் எங்கே பிரிந்தது என்று அவளுக்கே தெரியாது. சதை போட்டிருக்கிறான் என்றால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். அவளுக்கு அவனிடமிருந்து வேண்டியது என்றைக்குமே அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு கோபம் வந்தது பாருங்கள், அவன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் விளக்குமாற்றால் அடித்திருப்பாள். இருக்கிறேன் என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொல்லி அனுப்ப அவனுக்கு நாக்கு இல்லையா?

மறுநாள் காலை அவள் முகம் கழுவிக்கொண்டு பங்குச் சாமியிடம் போனாள், எலிசாவையும் கூட்டிக்கொண்டு. சாமி இதற்குள் ஊரைப் படித்திருந்தார், வாக்குமூலத்தில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் போட்டிருந்தார். ஏஞ்சல் மேரி அதை வாங்கவே இல்லை. "எந்தம்பி செத்துட்டான் சாமி. மாதா சத்தியமா செத்துட்டான்," என்றாள். அவள் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கூட நின்றாள். சாமி எலிசாவைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா என்றார். எலிசா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரின் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. "அண்ணி சொல்றதுதான்," என்றாள். சாமி வெகுநேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். லியோ உயிரோடு இருப்பது ஊரில் யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆண்டனி வந்து நின்ற கோலத்தைத் தெருவே பார்த்தது, ஏஞ்சல் மேரி சிரித்த சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டது. சூசைக்களம் அன்றைக்கு மொத்தமாக வாயை மூடிக்கொண்டது. அடுத்த வீட்டுக் குழம்பில் என்ன காய் என்பதைக்கூட விட்டுவைக்காத ஊர், இதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நடேசன் டிராக்டர் பெட்டியைக் கழுவிக் காகிதப் பூ கட்டிக் கொடுத்தார், ஊர்வலத்துக்குத்தான், வேறு எதற்கும் இல்லை. எலிசா ஏம்பலத்துக்குப் போனாள். கோயில் வாசலில் நாலு பாதத் தடம் எதிரெதிராக அப்படியே இருக்கிறது, எவ்வளவு மழை பெய்தாலும் அதில் மட்டும் தண்ணீர் நிற்பதில்லை. பூசைக்கு வருகிற பிள்ளைகள் அதில் கால் வைத்து அளவு பார்ப்பார்கள், பெரியவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். ஏஞ்சல் மேரிக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலை விட்டு வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே தன் பழைய தடத்தில் போய் நின்றுகொள்வாள். யாரும் பிடித்து வைக்காமலே நிற்பாள். எட்டு வருஷம் அவன் வந்துவிட வேண்டும் என்று மாதா சொரூபம் வைத்த கெபியில் மெழுகுவத்தி ஏற்றியவள், இப்போது அதே இடத்தில், அதே மாதாவிடம், அவன் வந்துவிடக் கூடாது என்று ஏற்றுகிறாள். மெழுகுவத்தி இப்போது பதினைந்து ரூபாய். கடைசி பஸ் வந்து, ஆட்கள் இறங்கி, வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வில்லியனூருக்குத் திரும்பும்வரை அவள் அந்தத் தடத்தை விட்டு அகல மாட்டாள். அது சாலையில் மறைந்ததும் போன் அடிக்கும். ஏம்பலத்திலிருந்து எலிசா.

"அண்ணி, பஸ் பூடுச்சா?"

"பூடுச்சி. யாரும் எறங்கல. நீ சாப்புடு," என்பாள் ஏஞ்சல் மேரி. பிறகு வீட்டுக்குப் போய்த் தனக்கும் சோறு போட்டுக்கொள்வாள்.